ழ வரும்வரை

தம்பி,

பெற்ற மகனைத் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்ட வாயால் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இதை நீ எப்போது படிப்பாய் என்பதும் தெரியவில்லை. உனக்கு இப்போது ஏழு வயது நடக்கிறது. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிக்கிறாய். இந்தத் தாள்களை உன் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கவருக்குள் மடித்து பீரோவில் வைக்கப்போகிறேன். வேலைக்கோ வெளியூருக்கோ போக அதை எடுக்கும்போது கையில் அகப்படட்டும். உன் கல்யாணத்துக்கு முந்தி கிடைத்தால் நல்லது. நீ ஒரு பிள்ளைக்குத் தகப்பன் ஆவதற்கு முந்தி கட்டாயம் கிடைக்க வேண்டும். வயிற்றில் உனக்கு அடுத்தது ஐந்து மாதம். கால் வீங்குகிறது, சாப்பிட்டது தங்கவில்லை. ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். உடம்பைப் படுக்கப் போட்டுவிடலாம். பயத்தை எங்கே படுக்கப்போடுவது? உன்னிடம் செய்ததை இந்தப் பிள்ளையிடமும் செய்துவிடுவேனோ என்ற பயம்தான். செய்தது இன்னது என்று ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிட்டால் அது கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

எழுத எனக்குக் கிடைக்கிற நேரம் சர்வர் படுத்துவிடும் நேரம். தியாகதுருகம் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் அந்தச் சின்ன இ-சேவை மையத்தை உனக்குத் தெரியும். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். "எங்க வூட்டுக்காரரு பூட்டாரும்மா, வாரிசு சர்ட்டிபிகேட்டு வோணும்" என்று ஒரு பெண் சொன்னால், நான் "எனது கணவர் காலமாகிவிட்டபடியால்" என்று தட்டுவேன். ஜனங்கள் வாயில் வருவதை அதிகாரிகள் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் என் பிழைப்பு. அதை ஆபீசோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

ஏன் கொண்டுவந்தேன் என்று நீ கேட்பாய். கோயம்புத்தூரில் நான் கணிதம் படித்தேன். விடுதியில் முதல் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பரிமாறிய அக்காவிடம், "இன்னா கொழம்புக்கா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். எதிரில் இருந்த பெண் இன்னொருத்தியின் தோளில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து என் பெயரே 'இன்னா' ஆகிப் போனது. "இன்னா வந்துட்டா பாரு", "இன்னாகிட்ட நோட்டு கேளு." அவர்கள் கெட்டவர்கள் இல்லை, காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததும் அவர்கள்தான். ஆனால் பதினெட்டு வயதில் சிரிப்பு ஒரு மாதிரி தோலுக்குள் போய்விடுகிறது. வாயைத் திறப்பதற்கு முன் வார்த்தையை உள்ளுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசக் கற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்து என் அப்பா போன் செய்தால், பக்கத்தில் பெண்கள் இருக்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தி "ம்", "சரிப்பா" என்று மட்டும் சொல்வேன். "இன்னாம்மா, கொரலு கம்மியா வருது, ஒடம்பு செரியில்லயா?" என்று அவர் கேட்பார். தொண்டை கட்டியிருக்கிறது என்று மூன்று வருஷமும் பொய் சொன்னேன். நீ பிறந்து, உன்னை முதல்முறை கையில் வாங்கியபோது நான் நினைத்தது என்ன தெரியுமா? இவனை யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாது. அன்பில்தான் நினைத்தேன், தம்பி. நான் செய்த எல்லாமே அன்பில்தான் செய்தேன். அதனால்தான் எது தப்பு என்று கண்டுபிடிக்க இவ்வளவு நாளாயிற்று.

உனக்குப் பேச்சு சீக்கிரம் வந்தது. இரண்டு வயதில் வாய் ஓயாது. எல்லாம் உன் அப்பா பேச்சு, கரும்பு வெட்ட வருகிறவர்கள் பேச்சு. வூடு, இன்னா, குந்து, வோணாம். மூன்று வயதில் நான் ஆரம்பித்தேன். நீ "வூட்டுக்குப் போலாம்" என்றால், "வீட்டுக்கு" என்பேன். நீ திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நான் உன் பக்கம் திரும்ப மாட்டேன். அதுதான் என் விதி. திட்ட மாட்டேன், கையை ஓங்க மாட்டேன், குரலைக்கூட உயர்த்த மாட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு அமைதியாக நிற்பேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் உன் வயசுப் பையன் அடி வாங்கி அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம், 'நான் என் பிள்ளையை ஒரு நாளும் தொட்டதில்லை' என்று மனசுக்குள் ஒரு பெருமை. அடிப்பது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்காதவள் என்கிற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு நான் வேறு எதையும் பார்க்காமல் இருந்துவிட்டேன். "வுடும்மா, வளந்தா தானா வரும், நானெல்லாம் பேசலியா?" என்பார் உன் அப்பா. "உங்கள மாதிரி பேசக்கூடாதுன்னுதான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் வாயே திறக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். விலகிக்கொண்டார் என்பது பிறகுதான் புரிந்தது. ஒருத்தி இழுத்துப் பிடித்ததும் ஒருத்தர் கையை விட்டதுமாக, நடுவில் நீ இருந்தாய்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா கால் உடைந்த கதையை உறவுக்காரர்கள் எல்லாரிடமும் நான் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறேன்: "பையன் ஓடிவந்து சொன்னான், உடனே ஓடினேன்." அதில் 'உடனே' என்பது பொய்.

பொங்கல் கழிந்து கரும்பு வெட்டு நடந்த ஞாயிற்றுக்கிழமை. வெட்டு ஆட்கள் கிணற்றுப் பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். டிரைவர் டீக்குப் போயிருந்தான். அப்பா லாரிச் சுமைமேல் ஏறி கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நீ கீழே நின்றுகொண்டிருந்தாய். அவருடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் கொல்லைப்புறத்தில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீ மூச்சிரைக்க வந்து, "ம்மா, அப்பா வூந்துட்டாரும்மா" என்றாய்.

சொல் என் காதில் விழுந்தது. செய்தி விழவில்லை. நான் திரும்பவே இல்லை. "வூந்துட்டாரு இல்ல. விழுந்துட்டாரு. சொல்லு" என்றேன்.

"விளுந்துட்டாரும்மா."

"ள இல்ல, ழ. நாக்க மடி."

"விளு... வியு... ம்மா..."

"அவசரப்படாத. நிறுத்தி, மூச்சு விட்டுட்டு சொல்லு."

நீ மூச்சு விட்டாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எவ்வளவு கஷ்டப்பட்டாயோ, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, "அப்பா விழுந்துட்டாரு" என்றாய். ழ அவ்வளவு அழகாக வந்தது. "வெரி குட்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். உன் முகம் முழுக்கக் கண்ணீரும் சளியும். ஒரு காலில் செருப்பு இல்லை. அப்போதுதான் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர் காரில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகியிருந்தது. பிளேட் வைத்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். எதுவும் மாறியிருக்காது என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கப் பார்த்தேன். கால் விஷயத்தில் எதுவும் மாறியிருக்காது, சரி. உன் விஷயத்தில்?

மறுநாளிலிருந்து நீ பேசவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. வீடு முழுக்க விசாரிக்க வந்தவர்கள். நாலாம் நாள்தான் எனக்கே உறைத்தது. கேட்டால் தலையாட்டினாய், கை நீட்டிக் காட்டினாய். எதையாவது சொல்ல வாயெடுத்தால் முதலில் என் வாயைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மூடிக்கொண்டாய். இரவில் பாயை நனைத்தாய். நகத்தை ரத்தம் வரும்வரை கடித்தாய். களை எடுக்க வரும் அஞ்சலை, "புள்ள அப்பா வூந்தத கண்ணால பாத்துக்கினு இருந்துருக்குது, பயந்துடுச்சிம்மா. மந்திரிச்சி ஒரு கவுறு கட்டுங்க" என்றாள். கட்டினோம். வந்தவர்கள் எல்லாருமே 'பயந்துட்டான்' என்றார்கள். நானும் ஆமாம், பயந்துட்டான் என்றேன். எனக்கு அது எவ்வளவு வசதியான வார்த்தை! யாரைப் பார்த்துப் பயந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பிலேயே டிரவுசரை நனைத்துவிட்டாய். உன் மிஸ் வருத்தப்பட்டார், "கேட்டா விட மாட்டமா மேடம்? கேக்கவே மாட்டேங்கறான்" என்று. உன் பக்கத்தில் உட்காரும் ரெட்டைச் சடைப் பெண் மிஸ்ஸின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், அவன் ரொம்ப நேரமா எழுந்து நின்னுக்கினே இருந்தான் மிஸ். வாயத் தொறந்தான், மூடினான். இன்னான்னு சொல்லிக் கேக்கறதுன்னு தெரியல மிஸ் அவனுக்கு" என்றாள். அந்தக் குழந்தைக்குப் புரிந்தது பட்டப்படிப்பு படித்த எனக்குப் புரியவில்லை. ஒண்ணுக்கு என்று சொல்லக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எதைச் சொல்ல வேண்டும் என்ற சந்தேகத்தில் நீ நின்றுகொண்டே இருந்திருக்கிறாய்.

கள்ளக்குறிச்சியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள் என்றார். வீட்டில் யார் யார், எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டார். "நல்லாப் பேசுவோம் சார். அடிக்கறதெல்லாம் இல்ல" என்று நான் முந்திக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. எத்தனை நாள் கழித்து! துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் போய் எட்டிப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாய். அது "ம்மே" என்றது. "ம்மே இல்ல. செரியா சொல்லு. நாக்க மடி. சொன்னாத்தான் தழ" என்றாய். குட்டி மறுபடி கத்தியது. நீ தழைக்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாய். உன் முதுகை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு. அன்றைக்கு அங்கே நின்றது என் முதுகு.

அன்று இரவே நிறுத்திவிட்டேன். இனி ஒரு வார்த்தை திருத்துவதில்லை என்று சத்தியம் செய்தேன். நிறுத்திய மறுநாள் நீ பேசிவிடுவாய் என்று நினைத்தேன் பார், அதுவும் என் அவசரம்தான். நீ பேசவில்லை. நான் திருத்தாமல் சும்மா இருப்பதை நீ நம்பவில்லை. அந்த வாரங்களின் அலுப்பை எப்படி எழுதுவது? காலையில் அப்பாவுக்குக் கட்டு மாற்றி, உன் பாயை அலசி, பத்து மணிக்கு ஆபீஸ் போய் அடுத்தவர்கள் பேச்சைத் திருத்தித் தட்டிவிட்டு, சாயங்காலம் வந்து உன் முன்னால் எதுவும் திருத்தாதவள்போல் உட்கார்ந்திருப்பேன். முகமெல்லாம் வலிக்கும்.

அப்பா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும், மே மாதத்தில் ஒருநாள், "புள்ளய கூட்டிக்கினு மலைக்கு ஒரு நட போய் வரலாம் வா, இங்க வெக்க ஜாஸ்தி" என்றார். கரியாலூர் பஸ் ஏறினோம். வளைவுகளில் எனக்குத்தான் வாந்தி. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தாய். அருவிக்கரையில் பலாச்சுளை விற்ற அம்மா உன்னைப் பார்த்து, "பேரு இன்னா சாமி?" என்று கேட்டாள். நீ என் வாயைப் பார்த்தாய். "பேச மாட்டான்மா" என்றேன் நான். "அய்ய, ஊமப் புள்ளயா?" என்று உனக்கு இரண்டு சுளை கூடப் போட்டாள். கொசுறு கொடுத்த அந்தப் பரிவில் நான் செத்துப் போனேன்.

அருவித் தண்ணீர் ஓடுகிற பாறை. அப்பா கரையில் உட்கார்ந்துவிட்டார். உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னே போனேன். பாசி. கால் வழுக்கியது. உன் கையை விட்டுவிட்டு நான் மட்டும் தொப்பென்று உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் வார்த்தையைப் புரட்டிப் பார்க்க யாருக்கு முடியும்? "ஐயோ, வூந்துட்டனே!" என்று கத்தினேன்.

பலாச்சுளை அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உன் முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். "விழுந்துட்டேன்! விழுந்துட்டேன்னு சொல்லும்மா! சீக்கிரம் சொல்லு! செரியா சொல்லு, இல்லன்னா காலு ஒடஞ்சிடும்!"

"இந்தாம்மா, புள்ள கணீர்னு பேசுதே, எதுக்கு ஊமன்னு சொன்ன?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாலு மாதமாக நீ எதைச் சுமந்துகொண்டு திரிந்தாய் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. நீ தப்பாகச் சொன்னாய், அதனால் அம்மா திரும்பவில்லை, அதனால் அப்பா கால் உடைந்துபோனது. உன் கணக்கு அது. ஆறு வயசு மூளைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை. தப்பாகப் பேசினால் எலும்பு உடையும் என்றால், பேசாமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

நான் எழுந்து நின்றேன். இடுப்பு வலித்தது. "வூந்துட்டேன்" என்றேன். "வூந்துட்டேன், வூந்துட்டேன், வூந்துட்டேன். பாரு, காலு பாரு." ஈரப் புடவையோடு பாறைமேல் குதித்தேன். அப்பா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழப் பார்த்தார். நீ குனிந்து என் இரண்டு கால்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "அப்ப, அப்பாவுக்கு?"

"அப்பா மொதல்லயே வூந்துட்டாரு. காலு மொதல்லயே ஒடஞ்சிடுச்சி. அப்பறந்தான் நீ ஓடிவந்த."

"நான் செரியா சொல்லியிருந்தா?"

"நீ செரியாத்தான்டா சொன்ன. அம்மாதான் கேக்கல."

அன்று பஸ்ஸில் இறங்கி வரும்போது நீ என் மடியில் தூங்கிவிட்டாய். நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், 'வெரி குட்' உட்பட. "நான் கீழ கெடந்துக்கினு, பையன் போயி இம்மா நேரம் ஆவுதே, வழில ஓணான் அடிக்கக் குந்திக்கினானான்னு அவனத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு, "நானும் கேட்டுருக்கணும். நீ படிச்சவ, உனுக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது இருக்கிறது. அவர் எழுத மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாளே நீ பேசித் தள்ளிவிடவில்லை. அப்படி எழுத ஆசைதான். முதலில் ஆட்டுக்குட்டியிடம், பிறகு அப்பாவிடம், பிறகு ரெட்டைச் சடைக்காரியிடம். என்னிடம் கடைசியாக. அது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாய் நனைவது ஆடிக்குப் பிறகு நின்றது. நகம் இன்னும் முழுதாக வளரவில்லை. உனக்கு நான் சொல்ல விரும்பும் புத்தி ஒன்றே ஒன்றுதான், அதையும் பெரிய புத்தியாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை: உன் பிள்ளை பாயை நனைத்துக்கொண்டும் நகத்தைக் கடித்துக்கொண்டும் வாயை மூடிக்கொண்டும் நிற்கும்போது, அதற்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதே. அது ஓடிவந்தபோது நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றும் கேட்டுக்கொள். நல்ல எண்ணம் இருந்தது என்று உனக்கு நீயே சாட்சி சொல்லிக்கொள்ளாதே. எனக்கும் இருந்தது.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நீ ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டாய். "ம்மா, நான் பேசறப்ப உன் வாயி ஏன் ஆடுது?" என்று கேட்டாய்.

மறைத்திருக்கலாம். களைப்பாக இருந்தது, பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். "மனசுக்குள்ள திருத்தறேன்டா. பழக்கம், போவ மாட்டேங்குது" என்றேன்.

நீ கையில் சோற்றோடு யோசித்தாய். "செரி. நான் சொல்லி முடிச்சப்பறமா திருத்து" என்றாய். பிறகு சொன்னாய். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிவைக்கிறேன்:

"இன்னிக்கி ஸ்கூல்ல மலைலருந்து ஒரு கொரங்கு எறங்கி வந்துச்சிம்மா. பெருசு. எச்செம் சார் டேபிள் மேல குந்திக்கினு எல்லாத்தயும் மொறச்சிது. அப்பறம் பெல்லு அடிக்கற கட்டய தூக்கிக்கினு மரத்து மேல பூடுச்சி. கட்ட இல்லாம எப்பிடி பெல்லு அடிக்கறது? அதான் மூணாவது பிரீடு முடியவே இல்ல. கணக்கு மிஸ்ஸு நடத்திக்கினே இருக்காங்க, நாலாவது பிரீடு மிஸ்ஸு வாசல்லயே நின்னுக்கினு இருக்காங்க, எங்க எல்லாருக்கும் பசி. வாட்ச்மேன் தாத்தா கீழருந்து வாழப்பழத்த காட்டி, கண்ணு குடு, சாமி குடுன்னு கெஞ்சறாரு. அது பழத்தயும் வாங்கிக்கிச்சி, கட்டயும் குடுக்கல."

சொல்லி முடித்துவிட்டு என் வாயையே பார்த்தாய். "ம், இப்ப திருத்து" என்றாய்.

எதைத் திருத்துவது? கடைசியில் அது கட்டையைக் கொடுத்ததா இல்லையா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டேன்.